நாக்கில் படாத ரூபாய்

பழைய வெள்ளி நாணயத்தை யாரும் கழுவக் கூடாது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து காட்டுகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். எண்பது வருஷத்துக் கறுப்பைப் பத்து நிமிடத்தில் தொலைத்துவிட்டு, இது எவ்வளவு பெறும் என்று கேட்பார்கள். உங்கள் ஸ்டேஷன் ஏட்டு என் ரூபாயை உறையில் போட்டபோது, விளிம்பில் மட்டும் பிடிக்கச் சொன்னேன். அவர் முறைத்தார். நாணயத்தின் நன்மைக்காகத்தான் சொன்னேன்.

என் பெயர் மோசஸ். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் இருபத்தெட்டு வருஷம் ரசாயனக் கிடங்கைப் பார்த்துக்கொண்டேன்; இப்போது வேலூரில் இருக்கிறேன். அந்த ரூபாய் என் அப்பாவுடையது. ஆறாம் ஜார்ஜ் தலை போட்டது, 1939. அந்த வருஷத்து ரூபாய் அரிது, அதனால் போலிகள் ஏராளம். என்னுடையது போலி அல்ல. எடை சரி, விளிம்பு வரிகள் சரி, ராஜாவின் காதோரம் மட்டும் லேசான தேய்மானம்.

வேலூரில் மாதம் ஒரு ஞாயிறு, நாணயம் சேர்ப்பவர்கள் கூடுவோம். அங்கே மக்பூல் அகமது சொன்னால் சொன்னதுதான். லாங் பஜாரில் தராசுக் கடை வைத்திருந்தார். எல்லோருக்கும் மக்பூல் பாய். லென்ஸில் பார்ப்பார், எடை போடுவார், கடைசியில் நாணயத்தை நாக்கில் ஒற்றுவார். மட்டமான உலோகம் கலந்திருந்தால் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும் என்பார். அசிங்கமான பழக்கம். ஆனால் அதைச் செய்யாமல் எந்த நாணயத்துக்கும் அவர் தீர்ப்பு சொன்னதில்லை.

என்னுடையதற்கு மட்டும் செய்யவில்லை. போன ஜூன் மாதம், முப்பது பேர் எதிரில், ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது அச்சடிச்சது இல்ல மோசஸ், வார்ப்பு. டூப்ளிகேட்டு."

"நாக்குல வச்சிப் பாருங்க பாய்" என்றேன்.

"இதுக்கு அது வேற வேணுமா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். செருப்புக் கம்பெனி சூப்பர்வைசர் ரஷீத் அஹமது கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அதன்பிறகு யாரும் என்னிடம் நாணயம் காட்டி அபிப்பிராயம் கேட்கவில்லை. சர்ச்சுக்குப் போன இடத்தில்கூட ஒருவர் துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்தார். என் மனைவி லில்லி, "உடுங்க, ஒரு ரூபாய்க்கு இவ்ளோ பேஜாரா" என்றாள். எனக்கு மக்பூல் பாயைப் பிடிக்காமல் போனது என்றால் அது குறைத்துச் சொல்வது. அவரை வெறுத்தேன். தெருவில் அவர் இருமினால் அந்த இருமலையும் வெறுத்தேன்.

டேனரியை விட்டு வரும்போது, எலிக்கு ஆகும் என்று ஒரு சின்ன பாட்டில் கொண்டுவந்திருந்தேன். அதில் என்ன இருந்தது என்பதை உங்கள் ஆய்வகம் சொல்லும். போன செவ்வாய்க்கிழமை காலை அதை ராஜாவின் முகத்தில் தடவி உலரவைத்தேன். நிறம் மாறுமோ என்ற பயத்தில் முதலில் வேறொரு சாதாரண வெள்ளி ரூபாயில் தடவிப் பார்த்துக்கொண்டேன். மாறவில்லை.

லில்லி மாதனூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். மத்தியானம் ரூபாயை மறுபடி பார்க்கச் சொல்லி பாயை வீட்டுக்கு அழைத்தேன். தயங்காமல் வந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து வெகுநேரம் லென்ஸில் பார்த்தார், எடை போட்டார். பிறகு தலையைத் தூக்கினார்.

"அசல்தான் மோசஸ். அன்னிக்கி லைட்டு கம்மி, அவசரத்துல சொல்ட்டேன். தப்பு என்னுது. ஞாயித்துக்கெழம எல்லார் எதிர்லயும் மாப்பு கேக்கறேன்."

இத்தனை மாதம் நான் காத்திருந்தது இந்த வார்த்தைக்குத்தான். மனம் நிறைந்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

"அன்னிக்கி நாக்குல வைக்கலன்னு உனக்கு மனசு கஷ்டமா இருந்திருக்கும். இரு" என்று நாணயத்தை வாயருகே கொண்டுபோனார்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். நேரம் இருந்தது. ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். முறையான சோதனை வேண்டும் என்று கேட்டவன் நான். அவர் அதை முழுதாகச் செய்ய வரும்போது, நானே குறுக்கே பேசினால் நன்றாகவா இருக்கும்?