கையெழுத்துக் கேட்டு வந்தவர்கள்

— போன்லயே முடியாதுன்னு சொல்லிட்டேனேம்மா. நான் எழுதுன புக்கை இன்னொருத்தர் குரல்ல பதிவு பண்ண அனுமதி தர மாட்டேன்.

— நேர்ல கேக்கலாம்னுதான் தில்லைநாதன் சார், கடலூர்லேந்து பஸ் ஏறி வந்தோம். நான் அறிவுமதி. சட்டம் படிக்கிறேன், கண்ணு தெரியாது. இவுங்க எங்க அண்ணி புஷ்பவள்ளி. என் பாடத்தையெல்லாம் படிச்சு ரெக்கார்டு பண்ணித் தர்றவுங்க.

— சிதம்பரம் வரைக்கும் வந்துட்டீங்க. காபி சாப்பிட்டுக் கெளம்புங்க.

— காபி வேணாம் சார். கையெழுத்து வேணும்.

— மதி, கொஞ்சம் மெதுவா பேசேன்.

— மெதுவா பேசியேதான் ஒரு வருசம் போச்சு அண்ணி. சார், உங்க புக்கு எங்க லைப்ரரியில இருக்கு. என்கூடப் படிக்கிற பசங்க சும்மாதான எடுத்துப் படிக்கிறாங்க? நான் மட்டும் அட்டையத் தடவிப் பாத்துட்டுத் திருப்பி வைக்கணுமா?

— ரெக்கார்டு பண்ணினா அது செல்போன் செல்போனாப் போகும்மா.

— போகட்டுமே. பண்ருட்டியில, விழுப்புரத்துல என்னை மாதிரி கண்ணு தெரியாமப் படிக்கிறவுங்க இருக்காங்க.

— அதான் எனக்கு பயமே. ஒருத்தர் தப்பாப் படிச்சா அத்தனை பேருக்கும் தப்பு. இது சட்டம், கதையில்ல.

— எங்க அண்ணி நல்லாப் படிப்பாங்க. லைப்ரரி புக்கையும் ரெக்கார்டரையும் வெளிய எடுங்கண்ணி, படிச்சுக் காட்டுங்க.

— இங்கயேவா? சரி... “பதிவு செய்யாத பத்திரம் எதுவும் செல்லாது.” ம்... “என்று பொதுவாகச் சொல்லிவிட...”

— நிறுத்தும்மா! ‘செல்லாது’ல எதுக்கு நிறுத்தின?

— மூச்சு வாங்கிச்சு சார். உங்க வாக்கியம் நீளம் ஜாஸ்தி.

— “செல்லாது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.” ஒரே வாக்கியம்! நீ நிறுத்தின எடத்துல அர்த்தம் தலைகீழாப் போச்சு. இதக் கேட்டுட்டுப் போனா பரீட்சையும் போச்சு, நாளைக்குக் கேஸும் போச்சு.

— எனக்குச் சட்டம் தெரியாது சார். தையல் மிஷின ஓரங்கட்டிட்டுப் படிக்கிறவ. தப்புன்னா சொல்லுங்க, திரும்பப் படிக்கிறேன். இவ வக்கீல் ஆகாம விட மாட்டா, நானும் விட மாட்டேன்.

— அண்ணியத் திட்டாதீங்க சார். ஒண்ணுமே கேக்காம இருக்கறதுக்குப் பதிலா நான் தப்போடயே கேட்டுக்கறேன். நீங்க கையெழுத்துப் போடுற வரைக்கும் வாரா வாரம் வருவேன்.

— எத்தனை வாரம் வந்தாலும் சரி, இவுங்க படிக்கறதுக்கு நான் கையெழுத்துப் போடவே மாட்டேன்.

— சார்...

— அந்தப் புக்கை இப்படிக் குடும்மா. ஃபேனை நிறுத்து. அந்த ரெக்கார்டர்ல எந்தப் பக்கம் பாத்துப் பேசணும்?