காற்றுப் பக்கத்து மேசை

பிரெஞ்சுச் சாப்பாட்டுக்கு இடம் பார்க்கப் போனால் முதலில் மெனுவைக் கேட்கக் கூடாது, தம்பி. மாடியில் போய் நின்று, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்களுக்கு நாலு சுவருக்குள் உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காது. திறந்த மாடி, வெள்ளை விரிப்பு, அணையாத மெழுகுவர்த்தி. பம்பாயில் இவ்வளவும் அமைந்த இடங்கள் ஆறோ ஏழோதான் தேறும். எல்லாவற்றையும் தேடிக் கண்டுபிடித்தது நான்.

நான் சொல்வதை நீங்கள் இன்ஸ்பெக்டருக்கு மராத்தியில் சொல்ல வேண்டும் அல்லவா? ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்திச் சொல்கிறேன். எனக்கும் அதே தொழில்தான்.

என் பெயர் ஏஞ்சலம்மாள். வயது நாற்பத்தொன்று. மாட்டுங்காவில் தனியாக இருக்கிறேன். அப்பாவுக்குக் காரைக்காலில் வேலை. அங்கே கன்னியர் மடத்துப் பள்ளியில் பிரெஞ்சு படித்தேன். ஐம்பத்தெட்டாம் வருஷம் தாராவியில் காசிம் முதலாளியின் தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் சேர்ந்தேன். பாரீஸிலிருந்து தோல் வாங்க வருகிறவர்களின் விருந்துக்கு இடம் பார்ப்பது, மேசை சொல்லி வைப்பது, மெனுவை முன்கூட்டியே வாங்கி வருவது என் வேலை. விருந்தில் உட்காருவது மானேஜர் தளவாய் சாரின் வேலை.

அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. தெரியும் என்று முதலாளி உட்பட எல்லோரும் நம்பினார்கள். உங்கள் மேசைமேல் இருக்கிறதே, அந்தச் சீட்டைப் போல நூறு சீட்டாவது எழுதிக் கொடுத்திருப்பேன். பிரெஞ்சுப் பெயர் தமிழ் எழுத்தில், பக்கத்தில் அதன் அர்த்தம். டாக்ஸியில் வரும்போதே மனப்பாடம் செய்துவிடுவார். வந்தவர்களோடு பேச்செல்லாம் இங்கிலீஷில், ஆர்டர் மட்டும் பிரெஞ்சில். வெயிட்டர் எதையாவது விளக்க வந்தால் கையை அசைத்து அனுப்பிவிடச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அதில் அவருக்கு ஒரு மிடுக்கு வந்தது.

சாருக்கு எறால் ஆகாது. ஒரு தடவை செம்பூரில் கல்யாண வீட்டில் தெரியாமல் ஒரு கட்லெட் தின்று, முகம் வீங்கித் தொண்டை அடைத்துவிட்டது. பக்கத்து வீட்டிலேயே டாக்டர் இருந்து ஊசி போட்டதால் பிழைத்தார். அதற்குப் பிறகு எறால், நண்டு, சிங்கி எறால் எது மெனுவில் இருந்தாலும் சீட்டில் அந்தப் பெயர்மேல் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுக் கொடுப்பேன். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

இந்த வருஷம் பாரீஸில் ஆபீஸ் திறப்பதாக முதலாளி முடிவு செய்தார். பிரெஞ்சு தெரிந்த ஓர் ஆள் போக வேண்டும். நான் தளவாய் சாரிடம் கேட்டேன்.

"பாரீசுக்குப் பொம்பளையத் தனியா அனுப்புவாங்களாம்மா? பேசாம இரு. நான் போயி உனக்கு நல்ல குடையா ஒண்ணு வாங்கிட்டு வாரேன்."

குடை என்னிடம் இருக்கிறது.

போவதற்கு முன் முதலாளிக்கு ஒரு விருந்து வைத்துத் தன் பிரெஞ்சைக் காட்ட வேண்டும் என்றார். நான் மூன்று இடங்களைப் பார்த்தேன். முதல் இடம் நல்ல அழகு, ஆனால் எதிரே நர்சிங் ஹோம். இரண்டாவதில் தோட்டத்துக்குள் மேடை போட்டிருந்தார்கள். கார் மேசை வரைக்கும் வந்துவிடும். மூன்றாவது ஐந்தாம் மாடி. கீழே கரையில் கோலி மீனவர்கள் கருவாடு காயப்போடுவதால், காற்றடித்தால் மேலே கருவாட்டு வாசனைதான். ஓரத்து மேசையை யாரும் கேட்பதில்லை என்று அங்கே இருந்தவர் வருத்தப்பட்டார். லிஃப்ட் வேறு பழுது, சரிசெய்யப் பத்து நாள் ஆகும் என்றார். நான் ஓரத்து மேசையைச் சொல்லி வைத்தேன். விருந்தன்று காலையில் போன் செய்து லிஃப்டைப் பற்றி மறுபடியும் கேட்டுக்கொண்டேன்.

"அந்தப் பிள்ளையும் வரட்டும்," என்று முதலாளி சொன்னதால் அன்றைக்கு எனக்கும் நாற்காலி கிடைத்தது.

படியில் தளவாய் சாருக்கு மூச்சு வாங்கியது. "ஏஞ்சலு, நல்ல எடம் பிடிச்ச போ. ஏறி முடிக்கதுக்குள்ள உசிரு போயிரும் போலிருக்கே."

"ஆட்டுத்தோலு சுமந்த காலுதானவே, ஏறும்," என்றார் முதலாளி.

"மேல காத்து நல்லா வரும் சார்," என்றேன் நான்.

பொழுது சாய்ந்து மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். முதலாளிக்குக் கோழி சூப். தனக்கு, "பிஸ்க் த ஒமார்" என்றார். உச்சரிப்பில் ஒரு பிசகு இல்லை. வெயிட்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சார் கையை அசைத்தார். சூப் வந்தது. அந்த வெளிச்சத்தில் தக்காளி நிறமாகத்தான் தெரிந்தது; கருவாட்டுக் காற்றில் சூப்பின் வாசனையும் தனியாகத் தெரியவில்லை.

கரண்டியை எடுத்தவர் கீழே வைத்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார்.

"முதலாளி, ஒண்ணு சொல்லணும். எனக்குப் பிரெஞ்சுல ஒரு எழுத்து தெரியாது."

"என்னவே சொல்லுதீரு?"

"எல்லாம் இந்தப் பிள்ள எழுதிக் குடுக்கது. ஆறு வருசமா நான் கிளி மாதிரி ஒப்பிச்சிட்டு இருக்கேன். பாரீசுக்கு நான் போனா நம்ம மானம் கப்பலேறிரும். ஏஞ்சலு போகட்டும்."

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "போவியாம்மா?"

"போவேன் முதலாளி."

அப்போது நான் கையை நீட்டி அந்தக் கிண்ணத்தை நகர்த்தியிருக்கலாம். நினைத்தும் பார்த்தேன். ஏன் நகர்த்தினாய் என்று கேட்பார்கள். சொன்னால் பாரீஸ் போய்விடும். அதுவுமில்லாமல், ஆறு வருஷமாக எனக்குச் சேர வேண்டியதை அவர் சூப்புக்கு முன்னால் தருமம் போடுவதுபோல் எடுத்துப் போட்டால், நான் கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டுமா?

"சூப் ஆறிடப் போகுது சார்," என்றேன்.

சிரித்துக்கொண்டே குடித்தார். ஐந்து கரண்டி. நாற்காலியோடு தூக்கித்தான் இறக்கினார்கள். வெறுங்கையோடு இறங்கினாலே நாலு நிமிஷம் ஆகும்; அதை நான் முன்பே இறங்கிப் பார்த்திருந்தேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு நின்றது.

நான் விஷம் வைத்ததாகச் சொல்லாதீர்கள்; அது நல்ல சூப். சீட்டில் 'தக்காளி சூப்' என்று கைதவறி எழுதிவிட்டதாகவும் சொல்லாதீர்கள். ஒமார் என்றால் சிங்கி எறால் என்று தெரிந்தேதான் அப்படி எழுதினேன். வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்கள், தம்பி. மொழிபெயர்ப்பில் இன்று வரைக்கும் என்மேல் யாரும் ஒரு குறை சொன்னதில்லை.