பறக்கத் தகுதியானவன்

கனடாவின் வடகோடியில் உள்ள யெல்லோநைஃபில் நவம்பர் பிறந்துவிட்டால் யாரும் யார் வீட்டுக்கும் சும்மா வருவதில்லை. அல்ஃபோன்ஸ் மெர்க்ரெடி வருவான். வாசலில் பூட்ஸைத் தட்டிப் பனியை உதறிவிட்டு, "யோவ் டாக்டரே, உயிரோட இருக்கியா, உறைஞ்சு போயிட்டியா?" என்று கேட்டபடி நுழைவான். சீட்டுக்கட்டை அவனே கொண்டுவருவான்.

நான் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அலுவலகத்தின் மருத்துவன். ஒரு விமானி பறக்கத் தகுதியானவனா என்று சொல்வது என் வேலை. சந்தேகம் வந்தாலே தரையில் நிறுத்திவிட வேண்டும்; எங்கள் அலுவலகம் இருப்பதே அதற்குத்தான். பலரை நிறுத்தியிருக்கிறேன். அழுதவர்கள் உண்டு, அடிக்க வந்தவர்கள் உண்டு. தன்னை நிறுத்தும்படி கேட்டவன் அல்ஃபோன்ஸ் ஒருவன்தான்.

ஊரை ஒட்டிய பெரிய ஏரிக்கு அப்பால் உள்ள குடியிருப்புகளுக்குச் சிறிய பயணிகள் விமானம் ஓட்டிவந்தான். ஒரு மாலை, ஆட்டத்தின் நடுவே சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தான்.

"நேத்து மேல போயிட்டிருக்கும்போது கொஞ்ச நேரம் நான் நானா இல்ல. முழிச்சுப் பாத்தா ஏரி கிட்டக்க வந்துடுச்சு."

"அசந்திருப்பே."

"அசதி எதுன்னு எனக்குத் தெரியாதாய்யா? என்னை நிறுத்திடு. நீ சொன்னா கம்பெனி வாயைத் திறக்காது. நான் எட்மண்டன் போயி ரோஸ்லின்கூட இருந்துக்கிறேன்."

ரோஸ்லின் அவன் ஒரே மகள். தெற்கே அந்த நகரத்தில் நர்ஸாக இருந்தாள்.

மூளைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். முடிவு என்னிடம்தான் வந்தது. வலிப்பு நோய். மாத்திரை சாப்பிட்டால் மகளோடு இன்னும் வெகுகாலம் நன்றாக இருப்பான். யோசித்துப் பார்த்தேன். அந்த நன்றாக இருப்பதில் எனக்கு இடமில்லை.

"ஒண்ணுமில்லப்பா. சுத்தமா இருக்கு" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். பயம்தான் உனக்கு வியாதி."

அதற்கு மேல் அவனுக்குப் போக்கிடம் இல்லை. பறக்க மாட்டேன் என்றால் கம்பெனி காரணம் கேட்கும். காரணம் இல்லை என்று சொன்னவன் நான். பிறகும் இருமுறை கேட்டான். கடைசித் தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதையாவது கண்டுபிடிச்சுச் சொல்லேன்யா" என்றான். இல்லாத நோயை எப்படிச் சொல்வது என்று கேட்டேன். தலையாட்டிவிட்டுச் சீட்டைக் கலைத்தான்.

ஜனவரியில் விமானம் உறைந்த ஏரியில் விழுந்தது. அவனைத் தவிர ஏழு பேர். அதில் ஒருத்தி பிரசவம் முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவள். குழந்தையையும் சேர்த்துத்தான் ஏழு.

விபத்தை விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டியதில்லை. அவர்களைக் கொன்றது நான்தான். தெரிந்தேதான் அனுப்பினேன். அவன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடக்கத்துக்கு ரோஸ்லின் வந்தாள். "அப்பா உங்களைத்தான் ரொம்ப நம்பினாரு அங்கிள்" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அந்த வாரமே திரும்புவதாக இருந்தாள். முகம் வெளுத்திருக்கிறது, ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றேன்.

நேற்று முடிவு வந்தது. இப்போதைக்குப் பயணம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் இந்த நிலைமையில் ஒரு பெண்ணைத் தனியாக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.