கொஞ்சம் பின்னால் வைத்த கடிகாரம்

கடுகண்ணாவை மலை வளைவுகளில் உங்களுக்குத் தலை சுற்றியிருக்கும். முதலில் அந்த இஞ்சிப் பிளேன்டீயைக் குடியுங்கள், ஆறிவிட்டால் வாயில் வைக்க முடியாது. எங்கள் முதலாளி மக்கீன் ஹாஜியார் உங்களைக் கொழும்பிலிருந்து எதற்கு வரவழைத்தார் என்று எனக்குத் தெரியும். 'இன்று உங்கள் முறை' என்ற செய்தி சில நாள் பிந்திப் போய், கட்டுகஸ்தோட்டைக் கிளினிக்கில் சனம் முறை முடிந்த பிறகு வந்து நின்றது. எங்கள் சேர்வரின் கடிகாரம் பின்னால் இருந்ததுதான் காரணம். அதைப் பின்னால் வைத்தது நான். ஆனால் கிளினிக்கை நினைத்து வைக்கவில்லை. நிரோஷினியை நினைத்து வைத்தேன்.

நிரோஷினி ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை. எங்களிடம் தற்காலிகமாகச் சேர்ந்தவள். கிளினிக் பதிவு மென்பொருளைப் புது சேர்வரில் முதலிலிருந்து கட்டி ஓடவிட்டால் வேலை நிரந்தரம் என்று ஹாஜியார் வாக்குக் கொடுத்திருந்தார். அவள் அப்பா அதை லயம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். கெட்டிக்காரி, அதில் இரண்டு பேச்சில்லை. வந்த புதிதிலேயே, நான் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்த ஒரு பிழையை என் முதுகுக்குப் பின்னால் நின்றபடி பார்த்துவிட்டு, "அந்த லைப்ரரி பழசுங்க அஹ்னாப் நானா" என்றாள். அண்ணன் என்கிற இடத்தில் எங்களைப்போல நானா என்றே கூப்பிடுவாள். ஹாஜியார் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. எல்லாம் இவ்வளவு லேசாகக் கைகூடினால் பிள்ளை கெட்டுப்போய்விடுமே என்றுதான் யோசித்தேன்.

உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். மென்பொருளைத் துண்டு துண்டாகக் கொம்பைல் செய்து, அதாவது மெஷினுக்கு விளங்கும்படி மாற்றி, கடைசியில் ஒட்டுவார்கள். நாம் ஒரு கோப்பைத் திருத்தினால் மெஷின் நேரத்தைத்தான் பார்க்கும். திருத்தியது புதிதாக இருந்தால் அந்தத் துண்டை மறுபடி செய்யும். பழையதாகத் தெரிந்தால் முன்பு செய்த துண்டையே எடுத்து ஒட்டும். அதற்குத் தெரிந்ததெல்லாம் கடிகாரம் மட்டுமே. ஒரு பகல் அவள் சாப்பிடப் போயிருந்தபோது அதைக் கொஞ்சம் பின்னால் வைத்தேன். வேறு எதிலும் கை வைக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் எதைத் திருத்தினாலும் மெஷினுக்குப் பழையதாகவே தெரிந்தது.

முன்பு செய்த துண்டுகளை அழித்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி கட்டியிருந்தால் உடனே சரியாகியிருக்கும். எங்கள் ஒஃபிஸில் அப்படிச் செய்வதில்லை. கரண்ட் கட் காலத்தில், முழுதாகக் கட்டி முடியுமுன் கரண்ட் போய்விடும். அதனால் கட்டியதை அழிக்கக்கூடாது என்று ஒரு வழக்கம் வந்தது. கரண்ட் ஒழுங்கான பிறகும் வழக்கம் போகவில்லை. அவள் சேர்ந்த அன்றே நான்தான் அதைச் சொல்லிக்கொடுத்தேன். சொல் கேட்கிற பிள்ளை, ஒருநாளும் மீறவில்லை.

திருத்துவாள், ஓடவிடுவாள், அதே இடத்தில் அதே பிழை வந்து நிற்கும். திருத்திய வரியைத் திரையில் விரல் வைத்து வாசிப்பாள். நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவேன். ரோல்ஸ் வாங்கிக் கொடுப்பேன். "நானா, கொஞ்சம் வாங்க" என்று அவள் கூப்பிடாத பொழுதில்லை. எனக்கு அது மிகச் சந்தோஷமான காலம், மறைக்க விரும்பவில்லை.

ஒருநாள் கேட்டாள்: "நான் திருத்துனேன்ல நானா? நீங்களும் பாத்தீங்கல்ல?"

பார்த்தேன். சரியாகத்தான் திருத்தியிருந்தாள்.

"இல்லயே தங்கச்சி, நான் காணல்லயே" என்றேன்.

கண்ணைக் காட்டிப் பார்க்கச் சொன்னேன். டவுனில் காட்டினாள், கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்களாம். அப்படியானால் தலையில்தான் ஏதோ களைப்பு, ஓய்வு எடு என்றேன். பிறகு அவள் காலையில் வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டிறங்கித் திரும்பிப் போகத் தொடங்கினாள். பிந்தி வந்தாலும் நான் ஒரு வார்த்தை கடிந்ததில்லை.

கடைசியில் தனக்கு இந்த வேலை சரிவராது என்று ஹாஜியாரிடம் அவளே போய்ச் சொன்னாள். "என் கண்ணையே எனக்கு நம்ப முடியல நானா. உங்களுக்குத்தான் ரொம்ப தொந்தரவு குடுத்துட்டேன்" என்று என்னிடம் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. அவள் போன மறுநாள் அந்தப் பழைய துண்டுகளையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டினேன். அவள் திருத்தி வைத்தது அத்தனையும் சரி, ஒரு பிழைகூட இல்லாமல் ஓடியது. ஹாஜியார் என் தோளில் தட்டிக்கொடுத்தார். அந்தப் பூரிப்பில் கடிகாரத்தைத் திருப்பி வைக்க மறந்துவிட்டேன். அதற்கு உங்களிடமும் கிளினிக்குக்கு வந்த சனத்திடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அவளைத் திரும்பக் கூப்பிடப் போவதாகச் சொன்னீர்கள். நல்ல காரியம். இப்போது ஒரு புடவைக்கடையில் வேலைக்கு நிற்கிறாளாம். துணியை அளந்துவிட்டு, பக்கத்துப் பிள்ளையையும் ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்கிறாளாம். கடிகாரக் கதையை மட்டும் அவளிடம் எடுக்காதீர்கள், மனம் உடைந்துபோவாள். மேசையையும் என் பக்கத்திலேயே போடுங்கள். தன்மேல் நம்பிக்கை இல்லாத பிள்ளைக்குப் பக்கத்தில் பொறுமையான ஒரு ஆள் வேண்டும்.