மஞ்சள் நூல் கட்டிய எண்பது மீன்கள்

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் எங்கள் சூழலியல் துறைத் தலைவர் பேராசிரியர் கௌசியா அம்மையார் அவர்களே, மேடைக்கு மாண்பு சேர்க்கும் பெரியோர்களே, மேட்டூரில் முதல் பேருந்தைப் பிடித்து வந்து மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் ஆராயி அக்கா அவர்களே, பிள்ளைகளைப் படிக்க அனுப்பிவிட்டுப் பாதை பார்த்திருந்த தாய்மார்களே, தம்பி தங்கைகளே, உங்கள் முன்னாள் மாணவி ரஞ்சிதாவின் வணக்கம்.

"சத்தமாப் பேசுங்கக்கா" என்கிறீர்கள். இதுதான் தம்பி என் சத்தம். மைக்கைக் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்கள்.

இந்த ஆண்டு மூவருக்கு முனைவர் பட்டம். ஐவருக்கு நெட் தேர்வில் வெற்றி. பேராசிரியர் பாலசுந்தரம் ஐயாவின் ஏரிப் பறவை ஆய்வுக்கு விருது. கேட்கக் கேட்க இனிக்கிறது. ஆனால் என் நெஞ்சோ ஆறு ஆண்டு பின்னால் ஓடுகிறது. ஃபார்மலின் நெடி வீசிய அந்தப் பழைய ஆய்வுக்கூடம், ஒரே நுண்ணோக்கிக்கு ஒன்பது பேர் நின்ற வரிசை, எங்கே போயின அந்த நாட்கள்?

முதுகலை இறுதியாண்டு. மேட்டூர் அணை மீன்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்பது என் ஆய்வு. எண்பது கெண்டைகளின் துடுப்பில் எண் பொறித்த வில்லைகளைக் கட்டினோம். கட்டுவதற்கு நூல்? ஆட்டையாம்பட்டியில் எங்கள் வீட்டு விசைத்தறியில் மிஞ்சிய மஞ்சள் நூல். என் யோசனைதான். மீன் சிக்கினால் வில்லையைத் திருப்பித் தரும்படி, மீனவர்கள் கரையேறும் பரிசல் துறையில் அறிவிப்பு ஒட்டினேன். யாரிடமும் ஒரு சொல் பேசவில்லை. கூச்சம். அடுத்த பேருந்தில் ஏறிவிட்டேன்.

ஒரு மாதம்; ஒரு வில்லையும் வரவில்லை. இரண்டு மாதம்; வரவில்லை. நான்கு மாதம், வரவேயில்லை! ஆய்வேடு இல்லையென்றால் பட்டம் இல்லை. எங்கள் வீட்டில் அதற்கு முன் கல்லூரி வாசல் மிதித்தவர் யாருமில்லை. அப்பா சொல்லிவிட்டார்: "இந்த வருசம் முடியலீன்னா தறிக்கே வந்துரு கண்ணு."

கௌசியா அம்மா என் கையைப் பிடித்து அந்தப் பரிசல் துறைக்கே இழுத்துப் போனார். அங்கே பரிசலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார் ஆராயி அக்கா.

"மஞ்சள் நூல் கட்டின மீன் ஏதாச்சும் சிக்குச்சுங்களா?" என்று கேட்டேன்.

"சிக்காம என்னுங்க? ஆராவது வேண்டுதலுக்குக் காப்புக் கட்டி உட்ட மீனு. அதைப் புடிச்சுத் தின்னா உருப்படுமுங்களா? அத்தனையும் தண்ணியிலயே உட்டுட்டோம்."

சிரிக்கிறீர்கள். அன்று நான் அழுதேன்! அக்கா பதறிப்போனார்.

"அழுவாத சாமி. எந்த மீனு வேணும், சொல்லு. முப்பத்திநாலு நம்பரு மூணுவாட்டி வந்துச்சு, பாலத்துக்கிட்ட ரெண்டு, ஆத்து வாய்க்கிட்ட ஒண்ணு."

"படிக்கத் தெரியுங்களாக்கா?" என்றேன்.

"எழுத்துத்தான் தெரியாது. நம்பரு தெரியாம பஸ்ஸுல எப்புடி ஏறுறதாம்?"

கௌசியா அம்மா விடவில்லை. "நூத்தி இருபது எங்கே வந்தது?" என்றார்.

"நூத்தி இருபதா? அப்படியொரு மீனு இந்தத் தண்ணியிலயே இல்லீங்க டீச்சரு. எங்களச் சோதிக்கறீங்களாக்கும்!"

மூன்று வாரம் துறையிலேயே கிடந்தேன். பரிசல் பரிசலாகக் கேட்டேன். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்த்தேன். அறுபத்தொரு மீன்களின் வழி தெரிந்தது. வில்லையை அறுத்து வாங்கியிருந்தால் ஒரு மீனை ஒரே முறைதான் அறிந்திருப்போம். அவர்கள் உயிரோடு விட்டதால் அல்லவா, அதே மீன் மீண்டும் மீண்டும் வந்து தன் பாதையைச் சொன்னது!

வாய்மொழித் தேர்வில், "இந்தத் தரவை எப்படி நம்புவது?" என்றார் வெளித்தேர்வாளர். வாழ்நாளில் முதல்முறையாக நான் இருபது நிமிடம் நிறுத்தாமல் பேசினேன். பட்டம் வந்தது. கட்டுரை அச்சானபோது, ஆராயி அக்காவின் பெயரும் ஆசிரியர் வரிசையில் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினார் கௌசியா அம்மா.

தம்பி தங்கைகளே, கருவிகளைக் கற்றுக்கொள்ளுங்கள், கணக்கீடுகளைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் தண்ணீரில் நாளெல்லாம் நிற்பவர்களிடம் வாய் திறந்து கேளுங்கள்! கூசாமல் கேளுங்கள்! நான் நான்கு மாதம் தாமதமாகக் கேட்டவள். நீங்கள் முதல் நாளே கேளுங்கள்!

துறையின் சாதனையாளர் பட்டியல் இன்று வாசிக்கப்பட்டது. அதில் ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது. அக்கா, எழுந்து வாங்க. கூச்சமா? எனக்கும்தான். சேர்ந்தே நிற்போம்.

பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் என் நன்றி. நீங்கள் தட்டும் கை அவருக்கே ஆகட்டும். வணக்கம்.