ஆறு கிளாஸ் ரசனை

— மோந்து பார்த்துச் சொன்னா எப்படி யூஜின்? வாயில ஊத்திக்கிட்டுச் சொல்லு.

— வேணாம் சார், மூக்கே போதும். மொதல் கிளாஸ் லண்டன் ட்ரை ஜின். ரெண்டாவது பிளிமத். பாட்டில்மேல சுத்தின பேப்பரைப் பிரிச்சுப் பாருங்க, லேபிள் அதான் சொல்லும்.

— இரு... அட, ஆமாய்யா! எப்படிக் கண்டுபிடிச்ச?

— உங்க கிளப்புல பாருக்குப் பின்னால இருவத்திரெண்டு வருஷம் நின்னுருக்கேன் சார். மூடியைத் திருகறப்பவே வர்றது யாருன்னு தெரிஞ்சிடும்.

— நின்னதோட விட்டிருந்தா இன்னிக்கும் அங்கதான் நின்னிருப்ப. நீ திருகித் திருகி உனக்கே ஊத்திக்கிட்ட.

— தப்புதான் சார். அதுக்குத்தான் வெளிய அனுப்பிட்டாங்களே. இப்ப அந்த லெட்டர்...

— லெட்டர் எங்க ஓடிப்போகுது? டேபிள்மேலதானே இருக்கு. லுக் யூஜின், பாயிண்ட் என்னன்னா, வர்ற சனிக்கிழமை கிளப்புல என்னோட ஜின் ஈவினிங். லண்டன்லேர்ந்து எங்க கம்பெனி கிளையண்ட் வர்றான். 'ஆறு ஜின், ஆறு ஸ்டைல், வழங்குபவர் பாலசுப்ரமணியன்'னு கார்டு அடிச்சு எல்லாருக்கும் போயாச்சு. ஒவ்வொரு கிளாஸைப் பத்தியும் ரெண்டு நிமிஷம் நான் பேசணும்.

— பேசுங்க சார். நீங்க பேசினா கேக்கறதுக்கா ஆளில்ல?

— என்னத்தைப் பேசறது? ஏர்போர்ட் ஏர்போர்ட்டா பாட்டில் வாங்கிட்டு வந்தேன். ஹாலந்து, ஸ்பெயின், பிலிப்பைன்ஸ்... வரிசையா நிக்குது. மோந்தா எல்லாம் ஒரே ஆஸ்பத்திரி.

— ஒரு வாய் குடிச்சுப் பாருங்களேன் சார்.

— அதான் முடியாது. எனக்கு அசிடிட்டி. மூணு வருஷமா டாக்டர் ஒரு சொட்டு கூடாதுன்னுட்டார். பார்ட்டியில என் கையில இருக்கிறது வெறும் லைம் சோடாய்யா. நீ ஊத்திக் குடுத்ததுதானே, மறந்துட்டியா?

— மறக்கல சார். யார்கிட்டயும் சொன்னதுமில்ல.

— அது எனக்குத் தெரியும். அதனாலதான் உன்னைக் கூப்பிட்டேன். ஆபீஸ்ல யாரையாவது கேட்டா என் மானம் போயிடும். நீ குடிச்சுச் சொல்லு, நான் எழுதிக்கறேன்.

— சார், மாதா சத்தியமா முடியாது. குடியை விட்டு ஆறு மாசம் நேத்தோட முடிஞ்சுது. எம் பொண்ணு ஆஷா காலண்டர்ல ஆறாவது தாளைக் கிழிச்சா. வீட்டுக்காரி செண்பகம் பிரியாணி பண்ணா. நாளைக்குக் கமிட்டி. ஆறு மாசமா இவன் தொடலைன்னு ஒரு மெம்பர் எழுதிக் குடுத்தா மறுபடி எடுத்துக்கறோம்னு செக்ரட்டரி சொல்லிட்டாரு. மத்த மெம்பருங்க என்னைப் பார்த்தா எதிர்ப்பக்கம் போறாங்க. நீங்க ஒருத்தர்தான் ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாடான்னீங்க.

— வரச் சொன்னேன், வந்த, கையெழுத்துப் போடப்போறேன். அதுக்குள்ள என்ன பேஜார் பண்ற?

— என் அண்ணன் குடும்பமும் எங்ககூடத்தான் சார் இருக்குது. கோலார்ல சுரங்கம் மூடி மூணு வருஷமாச்சு, வேலை இல்ல. மர்பி டவுன்ல ரெண்டு ரூம்ல ஒம்போது பேரு. இந்த வேலை திரும்பி வரலைன்னா...

— வரும் வரும். யூஜின், நீ ஒண்ணு புரிஞ்சுக்கணும். குடிக்கிறதுங்கறது வேற. உங்க ஏரியாவுல நின்னுக்கிட்டே சாராய பாக்கெட்டைக் கடிச்சு உறிஞ்சறீங்களே, அது குடி. இது ரசனை. பிரான்ஸ்ல இதுக்குப் படிப்பே இருக்கு.

— அப்ப வாயில வச்சுட்டுத் துப்பிடறேன் சார். படிச்சவங்களே துப்பறாங்கன்னு டி.வி.யில பார்த்தேன்.

— துப்பினா ஃபினிஷ் எப்படித் தெரியும்? தொண்டையில இறங்கினதுக்கு அப்புறம் என்ன நிக்குதுங்கறதுதான் ஃபினிஷ். நான் வாங்கின ஜின் புத்தகத்துல ஒரு பக்கம் முழுக்க அதான். கிளையண்ட் அதைத்தான் கேப்பான்.

— சார்...

— உன் விஷயத்துல நான் மெனக்கெடறேன். என் விஷயத்துல ஸ்வல்ப நீ மெனக்கெடக் கூடாதா? சரி, விடு. இஷ்டமில்லேன்னா லெட்டரை எடுத்துட்டுக் கிளம்பு. வேற மெம்பர் யாராவது கிடைப்பாங்க.

— இல்ல சார், கோச்சுக்காதீங்க. குடுங்க. ஒரு வாய்தானே.

— அப்படி வா. இது லண்டன் ட்ரை. சொல்லு, எழுதறேன்.

— ம்... தேவனே... கொஞ்சம் இருங்க சார். கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

— அதை எழுத முடியாது. டேஸ்டைச் சொல்லு.

— பெருநாள் பூசையில சாம்பிராணி போட்ட கையோட ஆரஞ்சுத் தோலை உரிச்ச மாதிரி சார். கடைசியில கொத்தமல்லி விதை, வாயைக் காய வச்சுட்டுப் போகுது.

— பிரமாதம்! 'தேவாலயத் தன்மை கொண்ட சிட்ரஸ்.' நெக்ஸ்ட், பிளிமத்.

— இது அதே ஆளு, ரிடையர் ஆயிட்டாரு. சத்தம் போடமாட்டாரு. கொஞ்சம் மண்ணு, கொஞ்சம் அதிமதுரம்.

— 'பக்குவப்பட்ட முதிர்ச்சி.' இது ஹாலந்து. மண் பாட்டில்ல வந்ததாக்கும்.

— இது ஜின்னுக்கு அப்பன் சார். வெறும் ராகி மால்ட்டு.

— ராகி மால்ட்னு லண்டன்காரன்கிட்டச் சொல்ல முடியுமாய்யா?

— ராகி மால்ட்டுல யாரோ, ஜின்னுக்கு வாசனைக்குப் போடற ஜூனிப்பர் கொட்டை ரெண்டைத் தவற விட்டுட்டாங்க. அவ்வளவுதான் சார்.

— 'தொன்மையான தானியத்தின் ஞாபகம்.' எனக்கே புல்லரிக்குது. ஸ்காட்லாந்து எடு.

— வெள்ளரிப் பிஞ்சு, ரோஜா. மண்டப வாசல்ல பன்னீர் தெளிக்கிறவனைக் கூப்பிட்டு சாலட் வெட்டச் சொன்னா இப்படித்தான் இருக்கும்.

— ஹா ஹா! இது அப்படியே மேடையில சொல்லலாம். என் ஜோக்காவே சொல்லிடறேன். எல்லாத்தையும் காலி பண்ணணுமா யூஜின், ஒரு வாய்னியே?

— அடியில நிக்கறதுலதான் சார் உங்க ஃபினிஷ் இருக்கும். அடுத்தது ஸ்பெயினா? குடுங்க, குடுங்க. இது தானியமில்ல, திராட்சையிலேருந்து இறக்கினது. உதட்டுல ஒட்டுது. எலுமிச்சை இலையைக் கசக்கின மாதிரி... நல்லா இருக்கு சார்.

— மெதுவா. இன்னும் ஒண்ணுதான், பிலிப்பைன்ஸ்.

— இது நம்ம ஆளு சார்! இதுல பூவுமில்ல, பழமுமில்ல. எங்கப்பா ரெண்டாவது ஷிஃப்டு முடிச்சு சுரங்கத்துலேருந்து மேல ஏறி வந்ததும் சட்டையைக்கூடக் கழட்டாம குடிப்பாரு பாருங்க, அந்த மாதிரி ஆளுங்களுக்குன்னே செஞ்சது. உலகம் பூரா அவங்க இருக்காங்க போல.

— 'உழைக்கும் வர்க்கத்தின் நேர்மை.' இதை எழுதறதா வேணாமான்னு யோசிக்கணும். கிளையண்ட் கம்யூனிஸ்ட்டுன்னு நினைச்சுடப்போறான்.

— சார், இங்க பாருங்க. கை நடுக்கம் நின்னுபோச்சு. ஆறு மாசமா கிளாஸைப் புடிச்சா ஆடும். இப்ப பாருங்க, கல்லு மாதிரி.

— வெரி குட். பாட்டிலை மூடி வை.

— இன்னொரு வாட்டி ஹாலந்தை ஊத்துங்க சார். சரியாப் புடிபடல.

— எனக்குப் புடிபட்டுடுச்சு, போதும். ரெண்டு பக்கம் நிறைஞ்சிடுச்சு. கிளப்புல இதுவரைக்கும் ஒருத்தன் இப்படிப் பேசியிருக்க மாட்டான். யூஜின், உன்னை நான் மறக்கவே மாட்டேன்.

— மறக்காதீங்க சார். அந்த லெட்டரு.

— கொண்டா, கொண்டா. பேனா எங்க... யார் எழுதினது இது? இங்கிலீஷ் நல்லா இருக்கே.

— ஆஷா எழுதினா சார். சர்ச் ஃபாதர் ரெண்டு இடத்துல திருத்தினாரு. கையெழுத்துக் கீழ, அந்தக் கோட்டுமேல.

— தெரியும்யா. ஆனா எதையும் படிக்காம நான் கையெழுத்துப் போடறதில்ல. இந்தக் கையெழுத்துக்குன்னு கிளப்புல ஒரு மரியாதை இருக்கு. ம்... 'இருபத்திரண்டு ஆண்டு சேவை', சரி. 'செய்த தவறை உணர்ந்து', சரி. 'குடும்ப நிலைமை', அதுவும் சரி.

— சரியா இருக்கா சார்?

— இரு.

— என்ன சார், பேனா எழுதலையா?

— பேனா எழுதும். 'கடந்த ஆறு மாதமாக ஒரு சொட்டு மதுவும் தொடவில்லை, இதை நான் நேரில் அறிவேன்'னு இருக்கே. இதுல நான் எப்படி யூஜின் கையெழுத்துப் போடறது? இப்பத்தானே என் கண்ணு முன்னாடி ஆறு கிளாஸ் குடிச்ச?