ஒலிவ மரத்தின் அடிக்கட்டை

அடுத்த வீட்டு மெனிப்பொஸ் என்ன மீன் வாங்கினான் என்பது அவன் மனைவிக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். ஏதென்ஸில் இதை யாரும் குற்றமாகச் சொன்னதில்லை. தெரிந்துகொள்வது நல்ல பழக்கம்.

சந்தை மண்டபத்தில் பாடம் சொல்லும் ஆசிரியரும் அதைத்தான் சொல்வார். தீமை செய்கிறவன் அறியாதவன். நல்லது எதுவென்று அறிந்தவன் அதைத்தான் செய்வான். கேட்டதையெல்லாம் மாலையில் என் அடிமை திபியோஸுக்குச் சொல்வேன். “அவனுக்கு எதுக்குய்யா தத்துவம்? களை புடுங்கவா?” என்று முடிதிருத்துகிறவன்கூடச் சிரித்தான்.

மெனிப்பொஸ் நிலத்துக்கும் என் நிலத்துக்கும் நடுவில், தெய்வத்துக்குரிய ஒலிவ மரத்தின் அடிக்கட்டை ஒன்று இருந்தது. ஏர் அதில் இடித்துக்கொண்டே இருந்தது. நானும் திபியோஸும் அதைப் பிடுங்கி எரித்தோம். பிடுங்கியவனுக்கு வீடும் நிலமும் போகும், நாட்டைவிட்டும் போகவேண்டும். அதிகாரிகள் வந்து கேட்டபோது மெனிப்பொஸைக் கைகாட்டினேன். அவனைப் பற்றி நான் சொன்னால் தெரு நம்பும். இருபது வருடப் பழக்கம்.

அவனும் விவரமானவன். “அப்படியா சேதி? உன் அடிமையை விசாரணைக்குக் குடு, பாக்கலாம்” என்றான். அடிமையின் சொல்லை வதைத்து வாங்கினால்தான் நீதிமன்றம் ஏற்கும். கொடுக்காவிட்டால் குற்றவாளி நான்தான் என்றாகிவிடும்.

திபியோஸை உட்காரவைத்து, ஆசிரியர் முறைப்படியே கேட்டேன்.

“பதினோரு வருசமா ரொட்டி போட்டவனைக் காப்பாத்துறது நல்லதா, கெட்டதா?”

“நல்லதுதான் எசமான்.”

“நல்லதுன்னு தெரிஞ்சவன் வேற மாதிரி செய்வானா?”

“நீங்க சொன்னபடி பாத்தா, மாட்டான்.”

“அப்புறம் என்ன?”

“ஒண்ணுமில்ல. அடி மட்டும் எனக்குல்ல விழும்?”

“அது வேற கேள்வி” என்றேன். தர்க்கத்தில் தடம் மாறக்கூடாது.

அவனை வதைச் சக்கரத்தில் கட்டினார்கள். விசாரணை கேட்டவன் என்ற முறையில் மெனிப்பொஸேதான் சாட்டை எடுத்தான். “உண்மையைச் சொல்லித் தொலைடா, உன்னை நான் கொல்லணுமா?” என்று அழுதுகொண்டே அடித்தான். “நீங்கதான் புடுங்குனீங்க” என்று அவனிடமே சொன்னான் திபியோஸ். மூன்றாம் நாள் மதியம் அதையே சொல்லி இறந்தான். மெனிப்பொஸ் மனைவி மக்களோடு கப்பலேறினான்.

சாட்சி பொய், சொல்லிக்கொடுத்தவன் நான், அதனால் செத்தவன் அவன். உங்களிடம் எதையும் மறைக்கவில்லை. ஆனால் அறிவு கொடுத்தால் அடிமையிடமும் அறம் வளரும் என்று செய்து காட்டியவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். உயிர் போகும்வரை அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நன்றியோடு என்றுதான் தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.